கண்ணியமிகு என்ற அடைமொழிக்குப் பின்னால்

காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயிலைப் பற்றித் தமிழ்நாட்டு மேடைகளில் மூன்று கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. முதலாவது, அவருடைய எளிமை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தும் குரோம்பேட்டையில் சாதாரணமாக வாழ்ந்தார், பணம் என்றால் கையை எடுத்துக்கொள்வார் என்ற ரகம். இரண்டாவது, சீனப் போர் வந்தபோது தன் மகனைப் போர்முனைக்கு அனுப்பத் தயார் என்று நேருவுக்குச் சொன்னார் என்பது. மூன்றாவது, அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழியாக்கு என்று முழங்கினார் என்பது. ஒவ்வொரு ஜூன் 5 அன்றும் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் உள்ள அவர் அடக்கத்தலத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் வரிசையாக வந்து மலர்ப்போர்வை போர்த்துவார்கள். அன்று காலையிலேயே இந்த மூன்று கதைகளும் வாட்ஸாப்பில் வந்துவிடும்.

மூன்றையும் வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். மூன்றுமே சான்றிதழ்கள். நல்லவர் என்பதற்கு ஒன்று, தேசபக்தர் என்பதற்கு ஒன்று, தமிழர் என்பதற்கு ஒன்று. வேறு எந்தத் தலைவருக்கும் இந்த மூன்று சான்றிதழும் சேர்ந்து தேவைப்பட்டதில்லை. ராஜாஜி தன் மகனைப் போருக்கு அனுப்பத் தயாராக இருந்தாரா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? 'கண்ணியமிகு காயிதே மில்லத்' என்று அரசாங்கமே அடைமொழி கொடுத்திருக்கிறது. அடைமொழி நல்ல சொல்தான். ஆனால் அந்த மனிதர் என்ன சொன்னார், எதற்காக வாதாடினார், ஏன் தோற்றார் என்ற கேள்விகளை அது வெளியே நிறுத்திவிடுகிறது. அவர் ஓர் அரசியல் சிந்தனையாளர் என்பதும், அவருடைய மையமான வாதத்தைத்தான் இன்று தமிழ்நாடு டெல்லியிடம் தன்னுடையதாக வைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் என் கட்சி. அந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

*

வாழ்க்கைக் குறிப்பை வேகமாகச் சொல்லிவிடலாம். 1896 ஜூன் 5, திருநெல்வேலி பேட்டையில் பிறப்பு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி. (எம்சிசி என்றதும் எங்கள் தாம்பரத்து மரங்களை நினைக்க வேண்டாம். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது, 1937இல்தான் இங்கே வந்தது.) 1920இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக பி.ஏ. படிப்பை விட்டார். பிறகு தோல் வணிகம். கடைசிக் காலத்தில் அவர் குடியிருந்த குரோம்பேட்டையின் பெயரே 'குரோம் லெதர்' தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பதை இங்கே ஒரு பொருத்தமாகக் குறித்துக்கொள்ளலாம். இன்று ஜிஎஸ்டி சாலையில் துணிக்கடை நெரிசலில் நிற்பவர்களுக்கு அந்தப் பெயரில் தோல் வாசனை வராது.

1945இல் சென்னை மாகாண முஸ்லிம் லீக் தலைவர். 1946 தேர்தலில் மாகாணச் சட்டமன்றத்தின் 28 முஸ்லிம் இடங்களையும் லீக் வென்றது, இஸ்மாயில் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில் கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கான் அமைப்பாளர், இந்தியப் பகுதிக்கு இஸ்மாயில். 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடி, கலைத்துவிடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அங்கேதான் பிறந்தது.

அந்தத் தேதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காந்தி கொல்லப்பட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. பஞ்சாபின் ரத்தம் காயவில்லை. வடக்கே லீக்கின் பெரிய பெயர்கள் பாதி கராச்சிக்குப் போய்விட்டன, மீதி வாயைத் திறக்காமல் இருந்தன. அந்த நேரத்தில் 'முஸ்லிம் லீக்' என்ற பெயரையே வைத்துக்கொண்டு, இந்தியாவுக்குள், இந்தியக் குடிமக்களாக அரசியல் செய்வோம் என்று தெற்கிலிருந்து ஒரு கூட்டம் சொல்கிறது. தைரியம் என்று சொல்லலாம், முரட்டுப் பிடிவாதம் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் தெரிகிறது.

இந்த முடிவுக்கு நேர் எதிரே நின்றவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். 1888இல் மெக்காவில் பிறந்தவர், தாய் அரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர், அரபு மொழியையும் அரபு அறிவுலகையும் உள்ளிருந்து அறிந்தவர். 1947 டிசம்பரில் லக்னோவில் அவர் தலைமையில் கூடிய மாநாடு, முஸ்லிம்கள் மதவழி அரசியல் அமைப்புகளைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. இந்திய முஸ்லிம்களின் முன்னால் அந்தக் குளிர்காலத்தில் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று மெக்காவில் பிறந்தவருடையது: எல்லாரோடும் கலந்து நில். இன்னொன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவருடையது: நீயாக நின்று, எல்லாரோடும் பேசு.

'காயிதே மில்லத்' என்பதில் உள்ள 'மில்லத்' அரபு வேர்ச்சொல். மதவழிச் சமூகம் என்று பொருள். உஸ்மானியப் பேரரசில் கிறித்தவர்களும் யூதர்களும் தனித்தனி 'மில்லத்'களாக இருந்தார்கள். திருமணம், வாரிசுரிமை போன்றவற்றை அவரவர் மன்றங்களிலேயே தீர்த்துக்கொண்டார்கள். பேரரசு சரிந்தபோது அரபு உலகச் சிந்தனையாளர்களுக்கு முன்னால் நின்ற பெரிய கேள்வி, இனி எதை வைத்து அரசு அமைப்பது என்பது. துருக்கி 1924இல் கிலாபத்தை ஒழித்தது. அடுத்த ஆண்டே எகிப்தில் அலி அப்துல் ராஸிக் என்ற மார்க்க அறிஞர், இஸ்லாம் எந்தக் குறிப்பிட்ட ஆட்சிமுறையையும் கட்டாயமாக்கவில்லை என்று ஒரு புத்தகம் எழுதினார். அல் அஸ்ஹர் அவருடைய அறிஞர் தகுதியையே பறித்தது. ராஸிக்கும் சரி, அவரைக் கண்டித்தவர்களும் சரி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டை மனதில் வைத்துத்தான் யோசித்தார்கள். இஸ்மாயிலுக்கு வாய்த்தது தலைகீழ் நிலைமை. ஆளுக்கொரு ஓட்டு என்ற ஜனநாயகத்தில், சம குடிமக்களாக, நிரந்தர எண்ணிக்கைச் சிறுபான்மையாக முஸ்லிம்கள் எப்படி இருப்பது? பழைய ஏடுகளில் இதற்குத் தயாரான விடை கிடையாது. அவர் தானாக யோசிக்க வேண்டியிருந்தது. ஆகவேதான் சிந்தனையாளர் என்கிறேன்.

*

அவர் தத்துவ நூல் எழுதிவைத்துவிட்டுப் போனவர் இல்லை. படிக்க வேண்டியது அரசியல் நிர்ணய சபை விவாதங்களில் உள்ள அவருடைய உரைகளை. அலங்காரமே இல்லாத ஆங்கிலம். மேற்கோள் கவிதை இல்லை, கண்ணீர் இல்லை. கம்பெனிகளில் நல்ல சீனியர் ஒருவர் எழுதும் டிசைன் டாக்குமென்ட் மாதிரி: என் கோரிக்கை இது, இதற்கு முன்மாதிரி இது, நீங்கள் சொல்லப்போகும் மறுப்பு இது, அதற்கு என் பதில் இது. சபையில் அவ்வப்போது குறுக்கீடுகள் வரும். அவர் குரல் உயர்ந்ததாகத் தெரியவில்லை.

1948 நவம்பர் 23. வரைவின் 35ஆம் பிரிவு, இப்போதைய 44ஆம் பிரிவு, பொது சிவில் சட்டம். இஸ்மாயில் ஒரு திருத்தம் கொண்டுவருகிறார். தனக்கென்று தனிநபர் சட்டம் வைத்திருக்கும் எந்தக் குழுவும், பிரிவும், சமூகமும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பது அதன் சாரம். வரைந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். 'முஸ்லிம்' என்ற சொல் கிடையாது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் பொது விதியாக எழுதியிருக்கிறார். புதிதாக எதையும் கேட்கவில்லை, இருப்பதைப் பறிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறார். ஒற்றுமைக்காக எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கினால் ஒற்றுமை வராது, மனக்கசப்புதான் வரும் என்பது அவர் தர்க்கம்.

முன்மாதிரிக்கு எந்த நாட்டைக் காட்டுகிறார் தெரியுமா? எகிப்தும் இல்லை, சவூதியும் இல்லை. யூகோஸ்லாவியா! முதல் உலகப்போருக்குப் பின் செர்பிய, குரோவாசிய, ஸ்லோவேனிய அரசு ஒப்பந்த அடிப்படையில் தன் முஸ்லிம் சிறுபான்மையின் குடும்பச் சட்டத்துக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. முஸ்லிம்கள் ஆளும் நாடு தனக்கு உதாரணமாகாது, முஸ்லிம்கள் சிறுபான்மையாக இருக்கும் நாடுதான் ஆகும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. பதில் சொன்ன கே.எம். முன்ஷி, துருக்கியையும் எகிப்தையும் பாருங்கள், அங்கே சிறுபான்மையினருக்கு இப்படியெல்லாம் உரிமை இல்லை என்றார். எகிப்து விஷயத்தில் முன்ஷி சொன்னது தவறு. அந்த ஆண்டு எகிப்தில் ஒவ்வொரு மதச் சமூகத்துக்கும் குடும்ப வழக்குகளுக்கான தனி மன்றங்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. 1955இன் சட்டத்தால்தான் அவை மூடப்பட்டன. அப்படியும் கிறித்தவர்களின் திருமண விதிகள் தனியாகவே நீடித்தன. சபையில் யாரும் முன்ஷியைத் திருத்தவில்லை.

ஆனால் அன்று அம்பேத்கர் சொன்ன பதில் வேறு தரம். அவர் இஸ்மாயிலின் கொள்கையோடு மோதவில்லை, அதன் அடியில் இருந்த வரலாற்றைத் தொட்டார். முஸ்லிம் தனிநபர் சட்டம் என்பது இந்தியா முழுக்க என்றென்றும் ஒன்றாக இருந்தது என்கிறீர்களே, உண்மையா? வடமேற்கு எல்லை மாகாணத்தில் 1935 வரை வாரிசுரிமையில் இந்துச் சட்டம்தான் நடந்தது. 1937 ஷரியத் சட்டம் வரும்வரை இன்னும் பல பகுதிகளிலும் அப்படித்தான். வட மலபாரில் முஸ்லிம்களுக்கும் மருமக்கத்தாயம்தான். தாய்வழிச் சொத்துரிமை. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. இஸ்மாயிலோடு சேர்ந்து வாதாடிய பி. போக்கர் சாஹிப் மலபார்க்காரர். அடி விழுந்த இடம் சொந்த முற்றம்.

அம்பேத்கர் அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம். இஸ்மாயில் பிறந்த திருநெல்வேலிச் சீமையிலேயே காயல்பட்டினம் இருக்கிறது. அங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். கீழக்கரையிலும் இதே வழக்கம். எந்த ஏட்டுச் சட்டத்தைப் பார்த்தும் வந்ததல்ல, ஊர் தனக்குத் தானே உண்டாக்கிக்கொண்டது. இஸ்மாயிலின் திருத்தத்தில் 'சமூகம்' என்று வரும் இடத்தில் காயல்பட்டினத்துப் பெண்ணை நிறுத்திப் பாருங்கள். அவளுடைய சமூகத்தின் சட்டம் எது? அவள் ஊர் வழக்கமா, உலமா சொல்வதா, டெல்லியில் வாதாடும் தலைவர் சொல்வதா? அவள் தன் சமூகத்தோடு முரண்பட்டால் போய் நிற்க வேண்டிய வாசல் எது? திருத்தத்தின் வாசகத்தில் அவளுக்கு இடமில்லை. குழுவுக்கு உரிமை கேட்டவர், குழுவுக்குள் யார் பேசுவார் என்ற கேள்வியைத் திறக்கவே இல்லை. நான் சொன்ன ஓட்டை இதுதான். அவருடைய கண்ணியத்தைக் காட்டி இதை அடைத்துவிட முடியாது.

திருத்தம் தோற்றது. பிரிவு நிறைவேறியது. இரண்டு வாரம் கழித்து இதே சபை, தனித்த மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ள குடிமக்களின் எந்தப் பிரிவும் அதைக் காத்துக்கொள்ளலாம் என்ற உரிமையை, இன்றைய 29ஆம் பிரிவை, விவாதித்து ஏற்றது. மொழி உள்ளே, எழுத்து உள்ளே, பண்பாடு உள்ளே. குடும்பச் சட்டம் மட்டும் வெளியே.

*

1949 மே 25 இன்னும் கடினமான நாள். சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டை நீக்குவது பற்றிய விவாதம். இஸ்மாயில் ஒதுக்கீடு தொடர வேண்டும் என்றார், அதோடு தனி வாக்காளர் தொகுதியும் வேண்டும் என்றார். இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: இன்றைய தனித்தொகுதியில் வேட்பாளர் பட்டியல் சாதியினர், ஓட்டுப் போடுபவர் எல்லாரும். தனி வாக்காளர் தொகுதி முறையில் முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம்கள் மட்டுமே தேர்ந்தெடுப்பார்கள். 1909 முதல் அதுதான் நடைமுறை. பிரிவினைக்கு அதுவே காரணம் என்று சபையில் பெரும்பாலோர் நம்பினார்கள். 1947 ஆகஸ்டில் போக்கர் சாஹிப் இதையே கேட்டபோது, அப்படி வேண்டுபவர்களுக்கு இடம் பாகிஸ்தானில் இருக்கிறது, இங்கே இல்லை என்று படேல் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகும் எழுந்து நின்று அதையே மறுபடி கேட்பதற்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிறேன்.

இஸ்மாயிலின் தர்க்கம் சிக்கலானதல்ல. எல்லாரும் சேர்ந்து ஓட்டுப்போட்டால் வெல்பவர் பெரும்பான்மைக்குப் பிடித்த முஸ்லிமாக இருப்பார், முஸ்லிம்களுக்குப் பிடித்தவராக இருக்க மாட்டார். பிரதிநிதி என்றால் யாருக்காகப் பேசுகிறாரோ அவர்களால் அனுப்பப்பட்டவராக இருக்க வேண்டும். இதே தர்க்கத்தோடு அம்பேத்கர் வட்டமேசைக்குப் போனார். கூடவே போனவர், எங்கள் பக்கத்து மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது. ஆகவே இதை 'லீக் விஷம்' என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது சோம்பேறித்தனம்.

ஆனால் மறுபக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் படேல்கள் அல்ல. லக்னோவின் பேகம் ஐஜாஸ் ரசூல், லீக்கிலிருந்து வந்தவர், சபையில் இருந்த ஒரே முஸ்லிம் பெண், ஒதுக்கீடே வேண்டாம் என்று பேசினார். ஒதுக்கீடு சிறுபான்மையைப் பெரும்பான்மையிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவைத்துத் தன்னைத்தானே அழித்துவிடும் என்பது அவர் பார்வை. இஸ்மாயில் சமூகத்தின் குரல் என்று சொல்லும்போது அதே சமூகத்தின் இன்னொரு குரல் சில இருக்கைகள் தள்ளி வேறு மாதிரி ஒலிக்கிறது. மறுபடியும் அதே ஓட்டை.

1946இன் 28க்கு 28ஐயும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சமூகமே ஒருமித்து நின்றது என்று லீக்காரர்கள் பெருமைப்படுவார்கள். அப்போது ஓட்டுரிமை இருந்தது சொத்து உள்ளவர், வரி கட்டியவர், படித்தவர் என்ற சிறு வட்டத்துக்கு. தோல் வியாபாரிக்கு ஓட்டு இருந்தது. தோல் பதனிட்டவருக்கு? பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் சுண்ணாம்புத் தொட்டியில் கால் வைத்து நின்றவர்களை எந்த 28 பேரும் பிரதிநிதித்துவம் செய்யவில்லை. தனி வாக்காளர் தொகுதி சமூகத்துக்கு வெளியே இருந்து வரும் அமுக்கத்தைத் தடுக்கும். உள்ளே இருக்கும் அமுக்கத்தை அது பார்க்காது.

திருத்தம் இந்த முறையும் தோற்றது. அதற்குப் பின் அவருடைய வாழ்க்கையே அவர் வாதத்துக்குச் சாட்சி சொல்லியது என்பதுதான் எனக்கு வியப்பு. 1952 முதல் 58 வரை மாநிலங்களவை. பிறகு 1962, 1967, 1971 என்று மூன்று முறை மக்களவைக்குச் சென்றார், மூன்று முறையும் கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து. திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் வாழ்ந்த ஒருவரை மக்களவைக்கு அனுப்பியது முஸ்லிம்கள் செறிந்து வாழும் மலபார். தொகுதிக்கு அதிகம் போகாமலே வெல்வார் என்று இதையும் அவருடைய பெருமைக் கதைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. எண்ணிக்கை குவிந்திருக்கும் இடத்தில் மட்டுமே சிறுபான்மைக்கு அரசியல் குரல் கிடைக்கும், சிதறிக் கிடந்தால் கிடைக்காது என்று அவர் 1949இல் எச்சரித்ததன் நிரூபணமாகவே படுகிறது.

சேலையூரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் வாடகை வீடு தேடினான். புரோக்கர் போனில் எல்லாம் பேசி முடித்து, கடைசியாகப் பேரைக் கேட்டபின் "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்பார். அப்புறம் போன் வராது. நாலாவது வீட்டுக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்னான்: "காயிதே மில்லத் கேட்டதெல்லாம் கெடச்சிருந்தாலும் எனக்கு இந்த வீடு கெடச்சிருக்காதுடா." சரிதான். குழு உரிமை என்ற கட்டமைப்புக்குள் சேலையூர் வாடகை வீடு வராது. அது குடிமகனுக்கும் குடிமகனுக்கும் நடுவில் நடப்பது. இஸ்மாயிலின் சிந்தனை அரசுக்கும் சமூகத்துக்கும் இடையிலான கோட்டில் கூர்மையாக இருக்கிறது, தெருவில் மங்கிவிடுகிறது. "அப்போ அவர் தேவையே இல்லையா?" என்று கேட்டேன். "ஏன்டா, அவர் கேட்டாரே. கேக்கறதுக்கு ஆள் வேணும்ல," என்றான்.

*

மொழி உரைக்கு வருவோம். 1949 செப்டம்பர் 14. மேடைக் கதையில் அவர் தமிழைத் தேசிய மொழியாக்கச் சொல்லிப் போராடுகிறார். உரையில் இருப்பது வேறு, அதைவிட நுட்பமானது. அவர் அன்று ஆதரித்தது காந்தி சொன்ன இந்துஸ்தானியை. தமிழ் வருவது ஒரு நிபந்தனை வாக்கியத்தில்: பழமைதான் அளவுகோல் என்றால், இந்த மண்ணில் முதலில் பேசப்பட்டவை திராவிட மொழிகள், தமிழ்தான் அந்த இடத்துக்கு உரியது. அதாவது, நீங்கள் வைக்கும் அளவுகோலை நீங்களே கடைசிவரை பின்பற்றத் தயாரா என்று கேட்கிறார். கோடு எழுதுகிறவர்களுக்கு இந்த 'இஃப்' புரியும். அந்த 'இஃப்'பை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் சுவரொட்டியில் அடித்தோம். தமிழ் தன் தாய்மொழி, அதில் தனக்குப் பெருமை என்று சொன்ன அதே மனிதர் இன்னொரு மொழியை ஆதரிக்கவும் முடிந்தது என்பது நமக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

எனக்கு இந்த உரை முக்கியமாவது வேறு காரணத்துக்காக. அவருடைய எல்லாத் தலையீடுகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்: தலைகளை எண்ணி முடிவெடுப்பது மட்டும் நியாயமாகிவிடுமா? இந்திக்கு ஆதரவாக எண்ணிக்கையைக் காட்டியபோது அண்ணா சொன்ன காக்கை–மயில் வாதம் தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கும் தெரியும். எண்ணிக்கைதான் கணக்கென்றால் தேசியப் பறவை காக்கையாக அல்லவா இருக்க வேண்டும் என்பது. கைதட்டுகிறோம். அதே கேள்வியை 1949 மே மாதம் இஸ்மாயில் கேட்டபோது அதற்குப் பெயர் வகுப்புவாதம்.

தொகுதி மறுவரையறையை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவை இடப் பங்கீடு 1971 மக்கள்தொகைக் கணக்கில் உறைந்து நிற்கிறது. மறுபடி எண்ணிப் பங்கிட்டால் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தெற்கு தன் எடையை இழக்கும் என்று 2025 மார்ச் 5 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. எங்கள் ஆபீஸ் கேண்டீனில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. அரசியலே பேசாதவர்கள்கூட, "எண்ணிக்கையை மட்டும் பாத்தா நாம எப்பவும் தோத்துக்கிட்டே இருப்போமே, நம்ம குரலுக்கு ஒரு உத்தரவாதம் வேணாமா?" என்றார்கள். வரிக்கு வரி இஸ்மாயில். ஒரு நிரந்தரச் சிறுபான்மை, தன் எடையைத் தலைக்கணக்குக்கு அப்பால் காப்பாற்றித் தரும்படி கேட்பதற்கு இந்தியாவில் ஒரு முன்மாதிரி உண்டென்றால் அது அவர் உரைகளில் இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் யாராவது அவரை மேற்கோள் காட்டியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். சிலை எழுப்பவும் தெருவுக்குப் பெயர் வைக்கவும் தயங்காத நாம் அவர் வாதத்தைக் கைமாற்றாக வாங்கக் கூசுகிறோம்.

பெயர்கள் விஷயத்தில் தாராளம்தான். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை அவர் பெயரில். அண்ணா சாலையில் பெண்கள் அரசுக் கல்லூரி, தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போகும் வழியில் மேடவாக்கத்தில் ஆண்கள் கல்லூரி. 1991இல் தஞ்சையிலிருந்து பிரிந்த நாகை மாவட்டத்துக்கே அவர் பெயர் இருந்தது. 1997இல் எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது அதுவும் போனது.

அவரிடம் நான் காணும் ஓட்டை நமக்கும் உண்டு. தெற்கின் குரல் என்கிறோம். அந்தக் குரலுக்குள் யார் பேசுகிறார்கள்? தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 2011 கணக்கின்படி 5.86 சதவீதம். 2024இல் இங்கிருந்து போன 39 மக்களவை உறுப்பினர்களில் முஸ்லிம் ஒருவர். ஏணிச் சின்னத்தில் நின்றவர், இஸ்மாயில் தொடங்கிய கட்சிக்காரர். அவரும் வந்தது ராமநாதபுரத்திலிருந்து, முஸ்லிம்கள் செறிந்து வாழும் கடற்கரையிலிருந்து. தாம்பரத்தை உள்ளடக்கிய ஸ்ரீபெரும்புதூரிலோ, குரோம்பேட்டைக்காரர்கள் ஓட்டுப்போடும் பெட்டிகளிலோ அப்படியொரு பெயரை எந்தப் பெரிய கூட்டணியும் முன்வைத்துப் பார்ப்பதில்லை. இது பற்றிப் பேச்செடுத்தால் கேண்டீனில் மறுவரையறைக்குக் கிடைத்த ஆவேசம் கிடைப்பதில்லை. யாராவது ஒருவர், "காயிதே மில்லத் எவ்ளோ சிம்பிளான மனுஷன் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்.